கெபித் தொட்டியில் மஞ்சள் பூ

விண்ணரசி: தொட்டியத் தொடாத. கைய எடு.

லீலா மேரி: தேங்கா நாரக் குடுக்கா. அந்தப் பக்கம் நீ தேய், இந்தப் பக்கம் நான் தேய்க்கிறேன். தனியா எவ்வளவு நேரந்தான் குனிஞ்சு கெடப்ப.

விண்ணரசி: நீ தொட்ட வரைக்கும் போதும். நீ தொட்டதாலதான் நான் இப்ப மாதா காலடியில உக்காந்து கல்லச் சொரண்டிக்கிட்டு இருக்கேன்.

லீலா மேரி: ஒரு கொத்துச் செடி எடுத்தேன். அவ்வளவுதான். ஒரு கண்ணாடி டம்ளர்ல.

விண்ணரசி: எங்க எடுத்த?

லீலா மேரி: ஏரியில மெதக்குற செடிதான அது.

விண்ணரசி: ஏரியில எடுத்தியான்னு கேக்குறேன். சொல்லு டீச்சர். புள்ளைங்களக் கேள்வி கேக்கத் தெரியுதுல்ல. பதிலும் சொல்லு.

லீலா மேரி: ஏரியில அன்னைக்கி எருமைய எறக்கிக் கலக்கி வச்சிருந்தாங்க. தண்ணி சேறாக் கெடந்துச்சு. பள்ளிக்கொடத்துக்கும் கல்லு அடுக்கிக் கட்டுன இந்த மாதா கெபிக்கும் நடுவுல ஒரு வேலிதான். மணி வேற அடிச்சிருச்சு... இந்தத் தொட்டியிலேர்ந்துதான் எடுத்தேன்.

விண்ணரசி: மாதா சுரூபத்துக்குக் கீழ, மந்திரிச்சு வச்ச தொட்டியில, சோத்துப் பானையில கைய வுடுற மாதிரி வுட்டு.

லீலா மேரி: நீயுந்தான் தெனம் வுடுற.

விண்ணரசி: நான் முக்காடு போட்டுக்கிட்டு வுடுறேன். அருள்நிறை மந்திரம் சொல்லிட்டு வுடுறேன்.

லீலா மேரி: மந்திரம் சொன்னா செடிக்குத் தெரியுமாக்கா?

விண்ணரசி: இந்த வாயி... இந்த வாயிதான்டி உன்னய வேலையிலேர்ந்து எறக்கப் போவுது.

லீலா மேரி: எறக்கட்டும்.

விண்ணரசி: எறக்கட்டுமா. எறக்குனா எங்க போவ? ஏலாக்குறிச்சியில அப்பா திண்டாடிக்கிட்டு இருக்காரு. உன்னப் பொண்ணு கேட்டு அந்த ரெண்டாந்தாரத்துக்காரன் வாரா வாரம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போறானாம். வேலை இருக்குன்னுதான இவ்வளவு நாள் தள்ளிப் போட்ட. வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தம் உனக்குத்தான்.

லீலா மேரி: அதுக்காக?

விண்ணரசி: அதுக்காக நாளைக்கி ஞாயித்துக்கெழமப் பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால கிராதிக் கம்பிகிட்ட வந்து நில்லு. சாமியார் சொன்னத அப்படியே சொல்லு. நான் தப்பாப் பாத்துட்டேன், அந்தச் செடி எதையும் திங்கிறதில்ல, மாதா பாதத்துத் தண்ணியில புழு வைக்காதது மாதாவோட கிருபைன்னு. நாலு வார்த்தை. பல்லக் கடிச்சிக்கிட்டுச் சொல்லிட்டு வந்துரு.

லீலா மேரி: பல்லக் கடிச்சிக்கிட்டா வார்த்தை எப்படி வரும்.

விண்ணரசி: கேலியா பேசுற. உனக்கு ஒறைக்கவே இல்லயா.

லீலா மேரி: ஒறைக்கிது. அதனாலதான் கேக்குறேன். நான் பாத்தது நெசம். நாப்பது புள்ளைங்க பாத்ததும் நெசம். வரிசையில நிக்க வச்சு ஒவ்வொரு புள்ளைக்கும் பூதக்கண்ணாடியக் கண்ணுல புடிச்சுக் காட்டினேன். சாந்தா பாத்துட்டு என் சேலையப் புடிச்சிக்கிட்டா. "டீச்சர், பாதி உள்ள போயிருச்சு, வாலு மட்டும் வெளிய ஆடுது"ங்குறா. அந்தப் புள்ளை கண்ணு பொய் சொல்லுமா?

விண்ணரசி: அந்தப் புள்ளைதான் வூட்டுக்குப் போயி, மாதா காலடியில இருக்குற செடி உசுரத் திங்கிதுன்னு அழுதுருக்கு. ராத்திரி செபமாலைக்கு மண்டி போட மாட்டேன்னுருச்சாம். அவங்கம்மா கேட்டதுக்கு, மாதாவும் திம்பாளான்னு கேட்டுருக்கு.

லீலா மேரி: அது எனக்குத் தெரியாது.

விண்ணரசி: உனக்குத் தெரியாதது நெறைய இருக்கு.

லீலா மேரி: ஆனா அந்தப் புள்ளை கேட்டது தப்பில்லக்கா. பயந்துருக்கு, அவ்வளவுதான். மறுநாளு வகுப்புல சொல்லிப் புரிய வச்சிருப்பேன். அந்தச் செடி கெட்டது இல்ல. அதுக்கு வேற வழி இல்ல. தண்ணியில ஒண்ணும் இல்லாத எடத்துல மொளைக்குது. மண்ணுல போயி உறிஞ்சிக்க முடியாது. அதனால தண்ணியில ஓடுறதப் புடிச்சுக்குது. அது தழைய எடுத்துப் பாத்துருக்கியா? சோம்புத் தழை மாதிரி மெலிசா இருக்கும். அதுல அங்கங்க கேவுறு மணி மாதிரிச் சின்னச் சின்னப் பை. ஒவ்வொரு பைக்கும் ஒரு வாயி. வாயில ஒரு கதவு. கதவு உள்பக்கமாத்தான் தொறக்கும். வாசல்ல ரெண்டு மூணு மயிரு நீட்டிக்கிட்டு இருக்கும். புழு வந்து அந்த மயிர ஒரசுச்சுன்னா...

விண்ணரசி: போதும்.

லீலா மேரி: ...கதவு தொறந்து தண்ணியோட சேத்து இழுத்துக்கும். கண்ணு இமைக்கிறதுக்குள்ள மூடிரும். மனுசங்கூட அப்படி ஒரு கதவு செய்ய முடியாது. அதச் செஞ்சது யாரு? நீ கும்புடுற ஆண்டவர்தான. அதச் சொல்றதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்?

விண்ணரசி: போதும்னு சொன்னேன்.

லீலா மேரி: மேல அந்தப் பூவ நெனச்சுப் பாரேன். மொச்சைப்பூ கணக்கா, பொன்னுல தட்டி வச்சாப்ல. தொண்டையில செவப்பா ரேகை ஓடும். தண்ணிக்கு மேல நாலு வெரக்கட கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கும். கீழ அத்தன வாயி, மேல ஒரு பூ. தேனீ வந்தா ஒண்ணும் செய்யாது. அதுக்குத் தெரியும் யாரு விருந்தாளின்னு.

விண்ணரசி: கதை படிச்சுக் கெட்டுப் போனவடி நீ. எந்த நாட்டுக் கதையோ, எவனோ தமிழ்ல எழுதிப் போடுறான், அதப் படிச்சிட்டு மரத்துக்கெல்லாம் மனசு இருக்குன்னு திரியிற.

லீலா மேரி: இது கதை இல்ல. திருச்சியில டிரெய்னிங் படிச்சப்ப மதர் காட்டுனாங்க. கன்னியாஸ்திரிதான் அவங்களும். அவங்களுக்கு இல்லாத விசுவாசமா உங்க மாதா சபை செபஸ்தியம்மாளுக்கு? அந்தச் செடிக்கு லத்தீன்ல பேரே இருக்கு. உத்ரிகுலாரியா. சின்னத் தோல்பைன்னு அர்த்தமாம். சாமியார் பூசை வைக்கிற பாஷை.

விண்ணரசி: லத்தீன்ல பேரு வச்சா ஞானஸ்நானம் குடுத்ததா ஆயிருமா? சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

லீலா மேரி: நீ நல்லாப் பேசுற, அதான்.

விண்ணரசி: இதையெல்லாம் சாமியார்கிட்ட சொன்னியா?

லீலா மேரி: சொல்ல வுட்டாத்தான. பூதக்கண்ணாடியக் கொண்டான்னாரு. கொண்டு போயிக் குடுத்தேன், பாக்கப் போறாருன்னு. மேசை அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. மதர் எனக்குக் குடுத்த கண்ணாடிக்கா அது. பாக்கக்கூட இல்ல. செடிய டம்ளரோட கொண்டு போயிருந்தேன். ஒரு தடவ குனிஞ்சு பாத்துருந்தா முடிஞ்சு போச்சு.

விண்ணரசி: பாத்தா என்ன ஆவும்னு அவருக்குத் தெரியும். அதான் பாக்கல.

லீலா மேரி: என்ன சொன்ன?

விண்ணரசி: ஒண்ணுமில்ல. அந்தச் செங்கல்லத் தள்ளி வையி. வழுக்குது.

லீலா மேரி: இல்ல, இப்ப என்னமோ சொன்ன.

விண்ணரசி: மூணு வருஷமா வேத்தூருலேர்ந்தெல்லாம் வராங்கடி. வரதராஜன்பேட்டையிலேர்ந்து வராங்க, உடையார்பாளையத்துலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வராங்க. வேதத்துல இல்லாதவங்களும் வராங்க. போன வெள்ளிக்கெழம முத்தாயி வந்தா, மாரியம்மனுக்குக் கூழு ஊத்திட்டு நேரா இங்க வந்தேம்மாங்குறா. ஊர்ல எந்தத் தொட்டியப் பாத்தாலும் நாலு நாள்ல புழு நெளியுது. இந்தக் கெபித் தொட்டி மட்டும் பளிங்கா நிக்கிது. அதப் பாத்துட்டு, மாதா தண்ணின்னு ஒரு சொம்பு மோந்துக்கிட்டுப் போறாங்க. அவங்க நம்பிக்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி.

லீலா மேரி: புழு நெளியாததுக்குக் காரணம் அந்தச் செடி. நான் என்ன பண்ண? புழு வைக்குது. செடி தின்னுடுது. அவ்வளவுதான் அற்புதம்.

விண்ணரசி: "அவ்வளவுதான்."

லீலா மேரி: ஆமா, அவ்வளவுதான். ஒனக்குக் கோவம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். கெபி விண்ணரசின்னு பேரு வாங்கிட்ட. பொம்பளைங்க உன் கைய வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிறாளுங்க. நேத்து வரைக்கும் உபதேசியார் பொண்டாட்டி, இன்னைக்கி நீயே ஒரு புனிதவதி, அர்ச்சிஷ்டம்மா. அது போயிருச்சேன்னுதான.

விண்ணரசி: இன்னொரு தடவ சொல்லு. இந்த நாராலயே வாயில போடுறேன்.

லீலா மேரி: போடுக்கா. உன் புள்ள செல்வம் போனதுலேர்ந்து நீ என்கிட்ட ஒரு வார்த்தை நல்லதாப் பேசல. அடிச்சாலாவது தேவல.

விண்ணரசி: அவன் பேர இங்க இழுக்காத.

லீலா மேரி: இழுக்கல.

விண்ணரசி: அவன் பேர மட்டும் இழுக்காத லீலா.

இருதயநாதன்: ஏன் இப்படிக் கத்துறீங்க. கோயில் வாசல் வரைக்கும் கேக்குது. உபதேசியார் வூட்டுப் பொம்பளைங்க கெபியில குடுமிப்புடி சண்டைன்னு அதுக்கும் ஒரு கூட்டம் போடப் போறாங்க.

விண்ணரசி: வாங்க. உங்க கொழுந்தியாள நீங்களே கேளுங்க. எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு.

லீலா மேரி: என்ன மாமா, சாமியார் பங்களாவுல என்ன முடிவு?

இருதயநாதன்: முடிவு என்ன முடிவு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனா எப்படி முடிவு வரும். செபஸ்தியம்மாள் மாதா சபையில அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு வந்துருச்சு. ஆதியாகமத்துல ஆண்டவர் புல்லு பூண்ட மிருகத்துக்கு ஆகாரமாக் குடுத்தாருன்னுதான் இருக்கு, மிருகத்தப் புல்லுக்குக் குடுத்ததா எங்க இருக்குன்னு கேக்குது. சாமியாருக்கே பதில் சொல்ல வரல.

லீலா மேரி: கொசுப்புழு எந்த ஊர்ல மிருகம்.

இருதயநாதன்: அதச் சொல்லத்தான் நான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நல்லதம்பி எந்திரிச்சான். அவனுக்கு ஒரு சந்தேகமாம். மாமிசம் திங்கிற செடி மாதா பாதத்துல இருக்குதே, வெள்ளிக்கெழம அது சுத்தபோசனம் அனுசரிக்குதா இல்லயான்னு. சிரிச்சிராத. சாமியாரே சிரிச்சிட்டாரு. சிரிச்சதுக்கப்புறம் அவருக்கே அவரு மேல கோவம் வந்துருச்சு. அந்தக் கோவம் மொத்தமும் உன் மேல எறங்கிருச்சு. திங்கக்கெழமலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிருங்கன்னு ரெண்டு பேரு அப்பவே சொன்னாங்க. நான்தான் கையக் காலப் புடிச்சு, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்னு வாங்கியாந்துருக்கேன். என் மொகத்துக்காகவாவது...

லீலா மேரி: நீங்க நம்புறீங்களா மாமா?

இருதயநாதன்: எத?

லீலா மேரி: செடி திங்கிதுங்கிறத.

இருதயநாதன்: நான் நம்புனா என்ன, நம்பாட்டி என்ன. நான் உபதேசியார். சாமியார் நம்புறத நம்புறேன்.

லீலா மேரி: சாமியார் மாறிப் போனா?

இருதயநாதன்: அடுத்தவரு நம்புறத நம்புவேன். என்னப் போட்டு ஏன்ம்மா வதைக்கிற. தெருவுல நடக்க முடியல. வூட்டு வாசலுக்கு வூட்டு வாசல் அந்தப் பாசியக் கொண்டாந்து கொட்டி வச்சிருக்காளுங்க. மஞ்சளும் பச்சையுமா மிதிபடுது.

விண்ணரசி: எந்தப் பாசிய?

இருதயநாதன்: நீ குடுத்ததத்தான். தண்ணி மோந்துட்டுப் போறவளுக்கெல்லாம் சொம்புல ஒரு கொத்துப் போட்டுக் குடுப்பியே. மாதா பூ, வூட்டுத் தொட்டியில வுடு, காயவுடாதன்னு. மூணு வருஷமா வச்சிருந்தாளுங்க. இப்ப மாமிசந்திங்கின்னு வாரி வெளிய எறிஞ்சிட்டாளுங்க.

விண்ணரசி: எத்தன வூட்ல?

இருதயநாதன்: எண்ணிப் பாக்கவா போனேன். மேலத்தெரு பூரா. ராசாத்தி தொட்டியையே கவுத்துட்டா. முத்தாயி மட்டும் வச்சிருக்கா. எங்க மாரியாத்தாளும் கெடா வெட்டுனா வாங்கிக்கிறவதான், எனக்கென்னங்குறா.

விண்ணரசி: வெயில்லயா கெடக்கு? கல்லு மேலயா, ஈரத்துலயா?

இருதயநாதன்: உனக்கெதுக்குடி அந்தக் கவலை.

விண்ணரசி: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கொஞ்ச நேரம் வெயில்ல கெடந்தாலே செத்துரும். வேரா இருக்கு, மண்ணப் புடிச்சுப் பொழைச்சுக்க. புதுசா மழை பேஞ்சு தேங்கியிருக்கு. அத்தன தொட்டியும் வெறுந்தொட்டியாக் கெடக்குன்னா இன்னும் எட்டு நாள்ல...

இருதயநாதன்: எட்டு நாள்ல என்ன?

விண்ணரசி: ஒண்ணுமில்ல. நீங்க போயி மணி அடிங்க. நேரமாச்சு.

இருதயநாதன்: போறேன், போறேன். லீலா, நல்லதுக்குச் சொல்றேன். நாளைக்கி வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வா. கொரல ஒசத்தாதே. நாலு வார்த்தை. ஆமென்னு சொல்லிட்டு எறங்கிரு.

லீலா மேரி: சரி மாமா. நீங்க போங்க.

விண்ணரசி: போயிட்டாரா?

லீலா மேரி: போயிட்டாரு. அக்கா, அதுக்கு வேரில்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?

விண்ணரசி: என்னது?

லீலா மேரி: இப்ப சொன்னியே, வேரா இருக்கு மண்ணப் புடிச்சுக்கன்னு. நான் வகுப்புலகூட அதச் சொல்லல. நேரம் பத்தல.

விண்ணரசி: தெனம் கையில எடுக்குறவளுக்குத் தெரியாதா. இதுக்கு மதர் வந்து காட்டணுமா.

லீலா மேரி: காட்ட வேணாம். கேட்டேன்.

விண்ணரசி: கேக்காத. அந்தத் தண்ணிய இப்படி ஊத்து. மெதுவா. மாதா கால்ல தெறிக்குது பாரு.

லீலா மேரி: சுத்தமாத் தேய்ச்சிட்ட. ஒரு இலைகூட இல்ல.

விண்ணரசி: அப்படித்தான சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் வெறுந்தொட்டி. நீ பேசினப்புறந்தான் தண்ணி நெரப்பலாமா கூடாதான்னு சொல்வாங்களாம். இந்தக் கெபியில ஒரு கல்லுகூட வேற யாரும் அடுக்கல தெரியுமா. ஓடையிலேர்ந்து நானே சொமந்தேன். இப்ப ஊரே கூடி எனக்குத் தண்ணி ஊத்த உத்தரவு குடுக்குது.

லீலா மேரி: அதுக்கு நான் காரணம் இல்ல. அவங்க பயம் காரணம்.

விண்ணரசி: பயப்படுறவங்ககிட்ட எதச் சொல்லணும், எதச் சொல்லக்கூடாதுன்னு ஒரு வெவரம் வேணும். இத்தன வருஷம் பொறுத்தது இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துருக்கக் கூடாது?

லீலா மேரி: நான் எங்க பொறுத்தேன். நான் இங்க வேலைக்கி வந்தே ஏழு மாசந்தான் ஆவுது.

விண்ணரசி: ...ஆமா.

லீலா மேரி: நீ என்னமோ பேசுற, என்னமோ மறைக்கிற. நேராக் கேக்குறேன். என் மொகத்தப் பாத்துச் சொல்லு. நான் சொன்னது பொய்யி, நான் பொய்க்காரின்னு சொல்லு.

விண்ணரசி: ஊரு நம்பாது.

லீலா மேரி: ஊரக் கேக்கல. ஒன்னக் கேக்குறேன்.

விண்ணரசி: என்னக் கேட்டு என்ன ஆவப் போவுது. ஊரு நம்பாதத ஒருத்தி நம்பி என்ன ஆவப் போவுது. யுத்தத்துக்கு முன்னால டமாரம் அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க, ஞாபகமிருக்கா? கொசு கடிச்சாத்தான் குளிர்க்காய்ச்சல் வருது, தொட்டிய மூடுங்க, தேங்குற தண்ணியில மண்ணெண்ணெய் ஊத்துங்கன்னு. எவ மூடுனா? நான் மூடுனேனா? காய்ச்சல் பேய்க்காத்துல வருதுன்னு வேப்பெல சொருகிக்கிட்டு உக்காந்துருந்தோம். இப்ப விளக்குக்கே மண்ணெண்ணெய் கெடையாது. அந்தக் காய்ச்சலுக்குக் குடுக்குற கொயினா மாத்தர பட்டாளத்துக்கே பத்தலயாம். அவன் அனல்ல கெடந்தப்ப அரியலூருக்கு ஆளனுப்பி, ரெண்டு மாத்தரைக்கு... சரி வுடு.

லீலா மேரி: அக்கா.

விண்ணரசி: வுடுன்னு சொன்னேன்.

லீலா மேரி: நீயே அவன் பேர எடுத்துட்ட.

விண்ணரசி: எடுக்கல.

லீலா மேரி: சரி. எடுக்கல.

விண்ணரசி: நாளைக்கிச் சொல்லுவியா மாட்டியா? அத மட்டும் சொல்லு. எனக்கு ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டுக் கெடக்க முடியாது.

லீலா மேரி: சொல்ல மாட்டேன்னா?

விண்ணரசி: சொல்ல மாட்டேன்னா இந்தத் தொட்டிய நானே ஒடைச்சிட்டு உன்னோட ஏலாக்குறிச்சிக்கு வந்துர்றேன். அக்காளும் தங்கச்சியும் அப்பா வூட்ல உக்காந்து உன் லத்தீனப் பேசிக்கிட்டு இருப்போம்.

லீலா மேரி: மெரட்டுறியா.

விண்ணரசி: கெஞ்சுறேன்டி கழுதை. கெஞ்சுறது எனக்கு இப்படித்தான் வருது. ஏன் அழுவுற. இப்ப ஏன் அழுவுற. திட்டினா திருப்பித் திட்டு.

லீலா மேரி: ஒண்ணு சொல்லட்டுமா. கத்தாம கேப்பியா?

விண்ணரசி: சொல்லு.

லீலா மேரி: காலையில பூசை முடிஞ்சு நானே பங்களாவுக்குப் போனேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது, நாளைக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சாமியார்கிட்ட கேட்டுக்கிட்டேன். சாமியார்கிட்ட சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன்.

விண்ணரசி: என்னன்னு?

லீலா மேரி: தப்பாப் பாத்துட்டேன், செடி எதையும் திங்காது, மாதா தண்ணி மாதா தண்ணிதான்னு. அந்த நாலு வார்த்தை. நேத்து தண்ணிய எறைச்சிட்டு நீ வெறுந்தொட்டி முன்னால உக்காந்துருந்தத வேலிப் பக்கத்துலேர்ந்து பாத்தேன். எனக்கு மனசு கேக்கல. போயி ஒத்துக்கிட்டேன்.

விண்ணரசி: காலையிலயேவா?

லீலா மேரி: காலையிலயே.

விண்ணரசி: அப்ப இவ்வளவு நேரம் என்னத்துக்குடி என் உசுர எடுத்த?

லீலா மேரி: நாளைக்கி நான் அப்படிச் சொல்லிட்டேன்னா, அப்புறம் நெசம் யாருகிட்டயுமே இருக்காதுக்கா. புள்ளைங்க மறந்துருங்க. டீச்சரே பொய்யின்னு சொன்னப்புறம் அதுங்க கண்ணையே அதுங்க நம்பாது. அதுக்கு முன்னால ஒரே ஒரு ஆளாவது நான் சொன்னத நம்பிட்டா, கிராதிகிட்ட நிக்கிறப்ப அந்த ஆள நெனச்சிக்கிட்டுச் சொல்லிருவேன்னு இருந்துச்சு. அது நீயா இருப்பேன்னு பாத்தேன். மதியத்துலேர்ந்து முட்டி முட்டிப் பாத்துட்டேன். நீ கடைசி வரைக்கும் நம்பல. போ, நான் வூட்டுக்குப் போறேன்.

விண்ணரசி: உக்காரு.

லீலா மேரி: வேணாம்.

விண்ணரசி: உக்காருன்னா உக்காரு. செல்வத்தப் பொதைச்ச வருஷம், கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ திருச்சியிலேர்ந்து வந்த. என்னக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஏரிக்கரையில உக்கார வச்ச. ஞாபகம் இருக்கா?

லீலா மேரி: இருக்கு. நீ கல்லு மாதிரி உக்காந்துருந்த. ஏரியவே பாத்துக்கிட்டு இருந்த. எதையாவது பேசலன்னா நீ தண்ணியில எறங்கிருவியோன்னு பயமா இருந்துச்சு. வாயில வந்ததையெல்லாம் ஒளறுனேன். என்ன பேசுனேன்னு எனக்கே தெரியல.

விண்ணரசி: இந்தச் செடியப் பத்தித்தான்டி பேசுன. வேரில்லாததுன்ன, கேவுறு மாதிரிப் பைன்ன, உள்பக்கமாத் தொறக்குற கதவுன்ன, கொசுப்புழுவத் திங்கும்னு சொன்ன. மறுநாளே எறங்கி அள்ளிட்டு வந்து இந்தத் தொட்டியில வுட்டுப் பாத்தேன், நீ சொன்னது சரியா இருந்துச்சு. என் தங்கச்சி சொன்னா, உங்க வூட்டுத் தொட்டியிலயும் வுடுங்கன்னு மேலத்தெரு முழுக்க ஏறி எறங்குனேன், புள்ளையப் பறிகுடுத்துட்டுப் புத்தி பெரண்டு போச்சுன்னாளுங்க. அப்புறந்தான் இங்க கல்ல அடுக்குனேன், மாதா குடுத்த பூவுன்னு சொன்னேன், முந்தானைய ஏந்தி வாங்கிட்டுப் போனாளுங்க. மூணு வருஷமா நீ சொன்னத நம்பி நான் ஒருத்தி ஊர ஏமாத்திக்கிட்டு இருக்கேன், அது ஒனக்குப் பத்தலயா? கண்ணத் தொடச்சிக்க. நாளைக்கி அது எதையும் திங்காதுன்னு நல்லாச் சத்தமாச் சொல்லு, கடைசி வரிசையில நிக்கிறவளுக்கும் கேக்கணும், ஏன்னா திங்கக்கெழம காலையில நான் மறுபடியும் ஏரியில எறங்கணும்.